கொக்கி மாட்டின இடம்

அந்தப் பையை நீங்க நகத்த வேண்டாமுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். நீங்க காலை நீட்டி உக்காருங்க. கனமெல்லாம் இல்லீங்க. மேல பூவும் வாழைப்பழமும், அடியில இருக்கறது அலுமினியம். ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போறவன் அலுமினியத்தைத் தூக்கிட்டுப் போறானேன்னு பாக்கறீங்களாக்கும். என்ற சம்சாரமும் அப்படித்தான் பாத்தா. ஆனா ஒண்ணும் கேக்கலை. அவ எதையும் கேக்க மாட்டா, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி.

நான் குண்டடத்துல இறங்கோணும். நீங்க? தாராபுரமே போறீங்களா, சரி, அப்ப கடைசி வரைக்கும் போவீங்க. குண்டடத்துல என்ற சம்மந்தி ஊடு. என்ற பையன் தரணியும் மருமக இந்துமதியும் அங்க போயி உக்காந்துட்டாங்க. கூட்டிட்டு வரலாம்னு போறனுங்க. வருவாங்களா மாட்டாங்களான்னு தெரியலை. ஒரே பையனுங்க. பொழுதோட அவன் வண்டிச் சத்தம் வாசல்ல கேக்காம எனக்குச் சோறு எறங்கறதில்லை. வெளியில சொல்லிக்கறதில்லை, உங்ககிட்டச் சொல்றேன்.

சண்டை எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. பெயிண்டுக்குங்க. நிசமாத்தானுங்க. சொத்துக்கில்ல, மாமியா மருமக பிரச்சினையில்ல. பெயிண்டு.

இருங்க, எடுத்தே காட்டறேன். இந்தப் பழத்தைக் கொஞ்சம் புடிங்க. பாத்தீங்களா? தொட்டுப் பாருங்க. நகத்தால கீறுங்க, அட நல்லாவே கீறுங்க, ஒண்ணும் ஆகாது. இது கிரைண்டரோட அடி பாடி. மோட்டாரு இதுக்குள்ள உக்காரும், மேல டிரம்மும் கல்லும். என்ன கலருங்கறீங்க? குங்குமத்துக்கும் அரக்குக்கும் நடுவுல ஒரு கலரு. கல்யாணப் பொடவைக் கடையில நின்னு, பொம்பளைங்க எந்தக் கலரை எடுத்து எடுத்து வெக்கறாங்கன்னு பாத்து நானே முடிவு பண்ணினது. சம்மந்தி கையில இதைக் குடுத்து, நீங்களே சொல்லுங்க, இதுல என்ன குத்தம்னு கேக்கப் போறேன். அவரு விவசாயி, நாயமான மனுசன்.

என்ற பேரு தேவசிகாமணிங்க. கோயமுத்தூர் கணபதியில பட்டறை. அலுமினியத்தை உருக்கி அச்சுல ஊத்தி காஸ்டிங் எடுத்து, அப்படியே பச்சையா அடுத்த கம்பெனிக்குக் குடுத்துட்டு இருந்தோம். அவன் அதுக்கு மேல பூச்சுப் பூசி, அவன் பேரைப் போட்டு வித்துக்குவான். நாம பெத்துக் குடுக்கறது, அவன் பேரு வெச்சுக்கறது. தரணி படிச்சுட்டு வந்ததும், ஏம்ப்பா, நாமளே கிரைண்டர் போட்டா என்னன்னு கேட்டான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. வாடா ராசா, போடலாம்னேன்.

மிஷின் உள்ளாற என்ன வரோணும், மோட்டாரு எது, பெல்ட் எது, எல்லாம் அவன் பாத்துக்கிட்டான். வெளியில எப்படி இருக்கோணுங்கறதை மட்டும் நான் பாத்துக்கறேன்னேன். வாங்கறவங்க வெளியிலதானுங்களே பாக்கறாங்க? மோட்டாரைக் கழட்டிப் பாத்தா வாங்கறாங்க?

அதுல எத்தனை தினுசு இருக்குதுங்கறீங்க! மொதல்ல பஃப் அடிச்சுப் பாத்தோம், கண்ணாடியாட்டம் தேய்க்கறது. தேய்க்கத் தேய்க்க உள்ள ஒளிஞ்சுட்டு இருந்த பொடிப்பொடி ஓட்டையெல்லாம் மேல வந்துருச்சு. அம்மைத் தழும்பு மூஞ்சியாட்டம் ஆயிப் போச்சு. அப்பறம் அனடைசிங். மருந்துத் தொட்டியில முக்கிக் கரண்டு விட்டுச் சாயம் ஏத்தறது. தகட்டுக்கு ஏறுற மாதிரி காஸ்டிங்குக்கு ஏறாதுங்க. வாக்கறதுக்கு நல்லா ஓடோணும்னு அலுமினியத்துல சிலிக்கான் கலந்துருப்போம், அது சாயத்தைக் கெடுத்துப்போடும். தேமல் புடிச்சாப்ல திட்டுத்திட்டா வந்துச்சு. மூணாவது ஷாட் பிளாஸ்ட். பொடிப்பொடியான இரும்புக் குண்டை வேகமா அடிச்சா மேல்தோலு ஒரே சீரா மணல் தடவினாப்ல வரும். சாம்பக் கலரு.

எல்லாத்தையும் ஊட்ல சாப்புடற டேபிள் மேல வரிசையா வெச்சேன். யாருக்கு எது புடிச்சுருக்குது சொல்லுங்கன்னேன். இந்துமதி அந்தச் சாம்பக் கலரைத் தடவிப் பாத்துட்டு, "மாமா, இதே போதுமுங்க. இருக்கறது இருக்கறபடி தெரியுது. மேல மெலுசாக் கலரில்லாத லேக்கர் பூச்சு அடிச்சாச் சுத்தமாத் தொடச்சுக்கலாம்"னா.

நல்ல பொண்ணுதானுங்க, நான் இல்லைங்கலை. ஆனா ரசனை இல்லை. திருநீறு பூசின சாமியாராட்டம் கிரைண்டர் நின்னா யாரு கண்ணெடுத்துப் பாப்பா? அம்மிணி, இது ஆஸ்பத்திரிக்குப் போற சாமான் இல்லை, அடுப்படிக்குப் போற சாமான், லச்சுமிகரமா இருக்கோணும்னு சொன்னேன். அவ சிரிச்சுட்டு, உங்க இஷ்டமுங்க மாமான்னா. என்ற சம்சாரம் ருக்குமணியைக் கேட்டேன். "உங்களுக்கு எது புடிக்குதோ அது"ன்னா. அப்பறம் என்ன, முடிஞ்சுது. பவுடர் கோட்டிங்.

பவுடர் கோட்டிங்னா தெரியுங்களா? பெயிண்டைத் தண்ணியாட்டம் அடிக்கறது இல்லீங்க. மாவாட்டம் பொடியாத் தூவி, அது ஒட்டினதும் அடுப்புல வெச்சு வேக வெப்பாங்க. உருகித் தோலாப் புடிச்சுக்கும். சின்னவேடம்பட்டியில பாக்கியநாதன்னு ஒருத்தரு எங்களுக்குப் பண்றாரு. மொத தடவை கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, காஸ்டிங்குக்குள்ள இருக்கற காத்து சூட்டுக்கு வெளிய வரப் பாக்குது. பவுடர் தூவறதுக்கு முன்னாலயே சும்மா ஒரு தடவை சூடு பண்ணி அந்தக் காத்தை வெளிய அனுப்பிட்டா சரியாப் போகும்னு அவரே சொன்னாரு. அதே மாதிரி சரியாப் போச்சு. வழுவழுன்னு வந்துச்சுங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

ஆனா ஒரே ஒரு குறை. பின்னாடி, கீழ் ஓரத்துல, ஒரு வெள்ளைப் பொட்டு. அது என்னன்னு கேட்டா, அங்கதான் கொக்கி மாட்டித் தொங்க விட்டு பவுடர் அடிப்பாங்களாம். கொக்கி இருக்கற எடத்துல பவுடர் புடிக்காதல்லோ. திருகு ஓட்டையைச் சுத்திச் சில்லறைக் காசு அகலத்துக்கு வெறும் அலுமினியம் பல்லை இளிச்சுட்டு நிக்குது. பாக்கியநாதன் என்ன சொன்னாரு தெரியுங்களா? "அண்ணா, எர்த் ஒயரை முறுக்கற எடம்ங்கண்ணா அது. பெயிண்டு கரண்டைக் கடத்தாது, அங்க வெறும் மெட்டல் இருக்கறதுதான் நல்லது. அதனாலதான் கொக்கியை அங்க மாட்டறேன்"னாரு.

எனக்குத் தெரியாதுங்களா? கிரைண்டர்ல எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா மனுசன் மேல பாயாம அந்த எர்த் ஒயரு வழியாப் போகோணும், அதுக்குத்தான் அந்தத் திருகு. ஆனா திருகை இறுக்கி முறுக்கினா அதுவே பெயிண்டைக் கடிச்சுட்டு உள்ள போகாதா? பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும். கொக்கியை உள்பக்க விளிம்புல மாட்டுங்க, இந்த எடத்தையும் சேத்து அடிங்க, ஒரு ஊசிமுனை எடம் விடக்கூடாதுன்னேன். அவரு தலையைச் சொறிஞ்சுட்டு நின்னாரு. நான் காசு குடுக்கற பார்ட்டி, நீங்க பண்ணுங்கன்னேன். பண்ணினாரு. இதோ பாருங்க, இந்த எடந்தான். ஒரு மறு இருக்குதுங்களா? சொல்லுங்க, இருக்குதுங்களா?

ஆடி நோம்பிக்கு மொத லோடு போச்சுங்க. ஈரோடு, திருப்பூரு, தாராபுரம், எல்லாக் கடைக்காரங்களும் கலருக்காகவே எடுத்தாங்க. மொத கிரைண்டரை நான் விக்கலை. சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, எங்க அடுப்படியில கொண்டு போயி வெச்சேன். ருக்குமணிக்கும் இந்துமதிக்கும். அன்னிக்கு அரைச்ச மாவுல சுட்ட இட்லியை நான் எண்ணாமத் தின்னேன்.

இனித்தான் கேளுங்க. ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. ஒரு நாள் காலையில தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போறேன், இந்துமதி செருப்புக் காலோட நின்னு மாவு அரைச்சுட்டு இருக்கறா. செருப்புங்க! அடுப்படிக்குள்ள! சாமி படம் அந்தச் செவுத்துலதான் இருக்குது. எங்க ஊட்ல வாசப்படி தாண்டிச் செருப்பு வந்ததே இல்லீங்க. உங்க ஊட்ல எப்படியோ, எங்க ஊட்ல அப்படித்தான். எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு.

"அம்மிணி, இது என்ன பழக்கம்"னு கேட்டேன். அவ கையைத் தொடச்சுட்டு, "மாமா, கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குதுங்க. செருப்பு இல்லாம நிக்க முடியலை"ன்னா.

என்ற கிரைண்டரைச் சொல்றா! நான் பூசை போட்டுக் கொண்டாந்து வெச்ச கிரைண்டரை! சரி, பாத்துப்போடலாம்னு நானே தொட்டேன். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, இந்தக் கையை நல்லா அழுத்தி வெச்சேன். ஒண்ணுமே இல்லீங்க. சில்லுன்னு இருந்துச்சு. ஏனுங்க சிரிக்கறீங்க? ஓடற மிஷின்ல போயி யாராச்சும் கைய வெப்பாங்களா? நான் பட்டறைக்காரனுங்க, எனக்குப் பாதுகாப்புத் தெரியும்.

மிஷின்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் அம்மிணி இருக்கும், ஈரக்கையோட தொடாதேன்னு சொல்லி, அந்தச் செருப்பைக் கழட்டச் சொல்லி, நானே எடுத்துட்டுப் போயி காம்பவுண்டுக்கு வெளியில வீசினேன். ரப்பர் செருப்பு, பழசு. ருக்குமணி பாத்துட்டே நின்னா. ஒரு வார்த்தை பேசலை. பாத்தீங்களா, அவளும் அதே கிரைண்டர்லதானே அரைக்கறா? அவளுக்குச் சுர்ருங்கலையே? ஒரு நாளாச்சும் சொல்லியிருப்பாளா இல்லையா? நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவ எதையும் என்கிட்ட மறைச்சதில்லீங்க.

அடுத்த வாரமே இந்துமதி வழுக்கி விழுந்துட்டா. ஆமாங்க, வழுக்கித்தான். கொழாயடியில தண்ணி சிந்தியிருந்துச்சு, வெறுங்கால்ல நின்னுருக்கறா, டிரம்மை வழிக்கப் போயிருக்கறா, மடார்னு அக்கட்டால போயி விழுந்தா. நான் முன்னால ரூம்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். கை மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. பாவமுங்க. கண்ணு மேல சொருகிக் கெடந்தாளுங்க, எனக்கு உசுரே இல்லை. அவ எனக்கு மகளாட்டந்தானுங்க. ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டிட்டுப் போனேன், தரணி பட்டறையில இருந்தான்.

கண்ணு முழிச்சதும் அவ சொன்ன மொத வார்த்தை, "தூக்கி எறிஞ்சுருச்சுங்க"ன்னு. டாக்டரு என்னைப் பாத்தாரு. நான், ஈரத்துல வழுக்கிட்டா சார்னு சொன்னேன். மயக்கத்துல இருக்கற பொண்ணு சொல்றதை வெச்சா எழுதுவாங்க?

தரணி ஊட்டுக்கு வந்தான். அடுப்படிக்குப் போனான். கிரைண்டரை ஓட விட்டு டெஸ்டரை வெச்சான், அந்த பாடி மேல. டெஸ்டர்ல வெளிச்சம் எரிஞ்சுது. எரியத்தானுங்களே செய்யும், கரண்டுல ஓடற மிஷின்? அப்பறம் என்ன பண்ணினான் தெரியுங்களா, ஒரு பிளேடை எடுத்துட்டு வந்து, அந்தத் திருகைக் கழட்டி, அங்க இருந்த கோட்டிங்கைச் சுரண்டினான். பறட்டு பறட்டுன்னு. பொண்ணு மூஞ்சியில பிளேடு போடறாப்ல இருந்துச்சுங்க எனக்கு. வெள்ளைப் பொட்டு மறுபடியும் பல்லை இளிச்சுது. திருகை முறுக்கி, மறுபடியும் டெஸ்டரை வெச்சான். எரியலை.

"பாருங்கப்பா"ன்னான்.

நான் பாத்தேன். என்னத்தைப் பாக்கறது? ஒரு பீஸ்ல திருகு சரியாக் கடிக்கலை போல. அதுக்கு?

"பாதி பீஸ்ல கடிச்சிருக்கும், பாதியில கடிச்சிருக்காதுப்பா. எதுல கடிச்சிருக்குது எதுல இல்லைன்னு நமக்குத் தெரியாது. வித்தது எல்லாத்தையும் திருப்பி எடுக்கோணும். இல்லைன்னா ஊடு ஊடாப் போயிச் சுரண்டி உடோணும்"ங்கறான்.

நீங்களே சொல்லுங்க. பேரே இப்பத்தான் வெளிய வருது. இந்த நேரத்துல, ஐயா எங்க கிரைண்டர் கடிக்குது, திருப்பிக் குடுங்கன்னு நாமளே போயி நின்னா? அடுத்த கம்பெனிக்காரன் பாயாசம் வெச்சுக் குடிப்பான். நான் கேட்டேன், ஏண்டா, ஒரு புகாராச்சும் வந்துருக்குதா? ஒரே ஒரு புகாரு? வரலைங்க. நான் சும்மா இருக்கலை, ஒவ்வொரு கடைக்காரருக்கும் நானே போன் போட்டேன். கிரைண்டர் எப்படீங்க போகுதுன்னு கேட்டேன். கலருக்காகவே வந்து கேக்கறாங்க, இன்னும் அனுப்புங்கன்னாங்க. கரண்டு அடிக்குதான்னு கேட்டீங்களாங்கறீங்களா? அதை நாம போயிக் கேப்பமா? இல்லாத சந்தேகத்தை நாமளே கெளப்பி உடறதுங்களா?

ஆனா நான் கல் நெஞ்சுக்காரன் இல்லீங்க. யோசிச்சேன். ராத்திரி பகலா யோசிச்சு ஒரு ஏற்பாடு பண்ணினேன். தீவாளிக்குப் போன லோடுல, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் நல்ல தடிமனான ரப்பர் மேட் ஒண்ணு. கிரைண்டர் வாங்கினா மேட் இலவசம்! கடைக்காரங்க துள்ளிக் குதிச்சாங்க. பொம்பளைங்களுக்கு எலவசம்னா எவ்வளவு சந்தோசம், உங்களுக்குத் தெரியாததா. அதுக்கப்பறம் இன்னும் நல்லாப் போச்சு.

மேட்டுக் கட்டு பட்டறையில வந்து எறங்கறப்பத் தரணி பாத்துட்டான். "எதுக்குப்பா மேட்டு"ன்னு கேட்டான்.

நின்னு அரைக்கறவங்களுக்குக் காலு குளிராம இருக்கட்டும்னுதான்னேன்.

ஒரு மேட்டை எடுத்து அதோட தடிமனை அமுக்கிப் பாத்தான். அப்பறம் மெதுவா, "அப்ப உங்களுக்குத் தெரியும்"னான்.

அவ்வளவுதானுங்க. சத்தம் போடலை, சண்டை போடலை. அன்னிக்குப் பொழுதோட கட்டுப் போட்ட கையோட அந்தப் புள்ளையைக் காருல கூட்டிட்டுக் கெளம்பிட்டான். என்ன தெரியும்னு சொன்னான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலைங்க. என்னங்க எனக்குத் தெரியும்?

மேட்டு போடறதுக்கு முன்னால போன லோடா? ஆமாங்க, அதுல மேட்டு இல்லை. அதுதானே ஆடியிலயே போயிருச்சே. இத்தனை நாள் ஆச்சு, ஒரு புகாரு வரலை. வந்திருந்தா நான் பாக்க மாட்டனா?

இல்லீங்க, நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. இனிமேப் போடற சாமான்லயாச்சும் கொக்கியைப் பழைய எடத்துலயே மாட்டலாமல்லோன்னு கேக்கறீங்க. தரணியும் அதைத்தான் கேட்டான். மாட்டினா என்ன அர்த்தம் சொல்லுங்க? முன்ன போனது தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்ல ஆகாதா? கடைக்காரன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து, இதுல ஏன் பொட்டு இருக்குது, அதுல ஏன் இல்லைன்னு கேக்க மாட்டானா?

அவன் போனதும் நான் ஒரு காரியம் பண்ணினேன். அவன் சுரண்டி வெச்ச அந்தக் கிரைண்டரைப் பாக்கப் பாக்க வெசனமா இருந்துச்சு. அதை எடுத்துப் பட்டறையில போட்டுட்டு, கோடவுன்ல இருந்து புதுசா ஒண்ணைக் கொண்டாந்து அடுப்படியில வெச்சேன். சுரண்டாதது. முழுசா இருக்கறது. என்ற ஊட்லயே ஓடுதுடா, உங்கம்மாவே அரைக்கறா, என்ன ஆச்சுன்னு அவன் கிட்டச் சொல்லோணுமல்லோ? இன்னிக்கு அதைத்தான் சொல்லப் போறேன். ருக்குமணிகிட்ட, இதுல அரை, மேட்டைப் போட்டுக்கன்னேன். சரீன்னா. ஒரு குறை சொல்லலை. அவ ஒருத்திதானுங்க என்ற பக்கம்.

பல்லடம் தாண்டி நெம்ப நேரமாச்சுல்ல? இந்த ரோட்டுல வண்டி நல்லா விரட்டுவாங்க.

பாருங்க, நினைச்சேன், அவதான் கூப்பிடறா. இருங்க, பேசிக்கறேன்.

ஆங், சொல்லு. இல்லை, இன்னும் போகலை, பஸ்ல இருக்கறேன். பூ வாடலை, நல்லாத்தான் இருக்குது. அது என்ன சத்தம்? மாவா? இந்நேரத்துலயா? அவங்க வந்தா இட்லிக்கு வேணும்னா? சரி. சரி அரை. மேட்டு போட்டுருக்கறியா? என்னது? தொவைச்சுக் காயப் போட்டுட்டியா? அடியே அம்மிணி, கையை எடு! கையை எடுங்கறேன், அதைத் தொடாதே! டிரம்முல கைய வெக்காதே! மொதல்ல செவுத்துல சுவிட்சை அணை! அணைச்சுட்டியா? பிளக்கைப் புடுங்கு. காஞ்ச துணியைப் புடிச்சுப் புடுங்கு. அணைச்சுட்டியான்னு கேக்கறேன், வாயைத் தொறந்து சொல்லு!

... என்ன?

... என்ன சொல்றே?

... எப்ப இருந்து?

... வெச்சுர்றேன். வெச்சுர்றேன் அம்மிணி. அதைத் தொடாதே, நான் வந்து பாத்துக்கறேன்.

மன்னிச்சுக்கங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. சத்தம் போட்டுட்டனாட்டம் இருக்குது. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. இல்லீங்க, ஒண்ணும் ஆகலை. அவளுக்கு ஒண்ணும் ஆகலை. அணைச்சுட்டா.

சிரிக்கறாங்க அவ. நான் இங்க உசுரு போகக் கத்தறேன், அவ சிரிக்கறா. "ஏனுங்க இப்படிப் பதர்றீங்க, நான் பலகை மேலதான் நிக்கறேன்"ங்கறா. எந்தப் பலகைன்னா, முறுக்குப் புழியறப்ப உக்காருவாளே, அந்த மரப்பலகை. "மொத நாள்ல இருந்தே அதுல நின்னுதான் அரைக்கறனுங்க. மொத நாளே சுர்ருன்னுச்சு"ங்கறா. நீங்க ஊட்ல இருக்கறப்ப அதை எடுத்து அலமாரிக்குப் பின்னால வெச்சுருவேங்கறா. உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னு சொல்லலீங்க, ஆசையாக் கொண்டாந்து வெச்சீங்களேங்கறா.

அந்தச் செருப்பு... அந்தச் செருப்பு அவளோடதுங்களாம். எனக்கு எங்க தெரியுது யாரு செருப்பு எதுன்னு? இந்துமதிப் புள்ளைக்குப் பலகை மேல நின்னு பழக்கமில்லை, ஆடுதுன்னு சொன்னா, அதனால என்ற செருப்பைக் குடுத்தேங்கறா. நான் அதைக் கழட்டச் சொல்லி வீசறப்ப அவ பக்கத்துலதானுங்க நின்னா. பாத்துட்டேதான் நின்னா. இதோ இவ்வளவு தூரத்துல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ? சொல்லியிருந்தா நான்...

சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சுவிட்சை அணைச்சுட்டுத் தொட்டுப் பாத்திருப்பேன்.

நான் உங்ககிட்ட வழியெல்லாம் சொல்லிட்டே வந்தேன், ஒரு புகாரு வரலை, ஒரு புகாரு வரலைன்னு. நீங்களும் தலையாட்டிட்டே வந்தீங்க. ஈரோட்டுலயும் திருப்பூர்லயும் நீங்க போற தாராபுரத்துலயும் எத்தனை அடுப்படியில எத்தனை பேரு பலகையைப் போட்டுட்டு நிக்கறாங்களோ. சாக்கை மடிச்சுப் போட்டுட்டு நிக்கறாங்களோ. ஆம்பளைங்க வர்ற சத்தம் கேட்டா எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு. அதுல ஒருத்தி ஒரு நாள் அவசரத்துல மறந்துட்டான்னா? வந்த ஒறம்பரைப் புள்ளை ஒண்ணு, நான் அரைக்கறேன் அத்தைன்னு வெறுங்காலோட போயி நின்னுச்சுன்னா? அது புகாராட்டமா வரும்?

இதைப் பையில போட்டுக்கறனுங்க. வேண்டாம், பாக்க வேண்டாம். குடுங்க.

குண்டடமா? இறங்கோணும். இறங்கறேன், இருங்க, கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம். சம்மந்திகிட்ட இதைக் காட்டறதுக்குன்னு கொண்டாந்தேன், இனி அவரு மூஞ்சியில எப்படி முழிக்கறது? மருமக கையில மாவுக்கட்டு இன்னும் எடுத்துருக்க மாட்டாங்க. பையன்கிட்ட எடுத்ததும் என்னன்னு பேசறது? வாடான்னு கூப்பிடற வாயி எனக்கு இல்லீங்க இப்ப. உங்கம்மா பலகை மேல நிக்கறாடா தரணி, அப்படின்னு மட்டும் சொல்றேன். அது போதும் அவனுக்கு. யாரு யாருக்கு வித்தோம், எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு அவனே சொல்லுவான். அவன் சொல்றதை நான் செய்யறேன்.

வரட்டுங்களா. உங்க பேரைக் கூடக் கேக்கலை பாருங்க. உங்க ஊட்ல யாருங்க மாவு அரைக்கறது? உங்க சம்சாரமா? எந்தக் கம்பெனி மிஷினா வேணா இருக்கட்டும், அவங்க எது மேல நின்னு அரைக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா? தெரியாதுல்ல. பரவாயில்லைங்க, எனக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியாது. போனதும் மொதல்ல அவங்களைக் கேளுங்க.